முல்லிங்கார் ஆலையும் என் திரிகையும்

ஹீத்ரோவில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி ஒரு சீக்கியர். நல்ல உயரம், நீலத் தலைப்பாகை. மேலே இருந்த சேலைகளை மெல்ல ஒதுக்கினார். அடியில் கிடந்ததைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தார். திரும்பவும் பெட்டிக்குள் பார்த்தார்.

அது என் திரிகையின் அடிக்கல். பயறு, உழுந்து, குரக்கன் எல்லாம் அரைக்கிற கைக்கல். எனக்கு இங்கிலீசு வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனால் அவருடைய முகம் சட்டென்று மலர்ந்தது. "சக்கி!" என்றார். விரலைக் காற்றில் கோவில் வலம் வருகிற பக்கமாகச் சுற்றிக் காட்டினார். அவர்கள் பாஷையில் திரிகைக்கு அதுதான் பேர் போல, வீட்டிலும் இருந்திருக்கும். நான் இல்லையென்று தலையாட்டி, என் இடக்கை விரலை மற்றப் பக்கமாகச் சுற்றிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே சேலைகளை நான் மடித்ததை விட வடிவாக மடித்து வைத்து அனுப்பினார். லண்டனில் நான் பேசிய முதற் பேச்சு அதுதான்.

மேற்கல் இன்னொரு பெட்டியில். அந்தப் பெட்டி வரவில்லை. எல்லாருடைய பெட்டிகளும் சுற்றிச் சுற்றி வந்து தீர்ந்த பிறகும் நான் நின்றேன். வழியில் எங்கேயோ தங்கிவிட்டதாம், வந்ததும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம், என்னோடு பிளேனில் வந்த தமிழ்ப் பெடியன் ஒருவன் விசாரித்துச் சொன்னான். வெளியே என் தங்கச்சி சரசுவும் அவளுடைய மனிசன் செல்வமும் காத்து நின்றார்கள். செல்வம் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்தார்.

"மச்சாள், உதுக்குள்ளை என்ன, அம்மியே?"

"அம்மி இல்லைத் தம்பி. அரைத் திரிகை. மற்றப் பாதி பிறகு வருமாம்."

"லண்டனிலை மா விக்கிறது உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

சொன்னார்கள்தான். சரசு தொலைபேசியில் எத்தனையோ தரம் சொன்னாள். ஆனால் நான் கல்லைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

நான் தெல்லிப்பழைக்காரி. பிறவியிலேயே இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் இடக்கை விரல் கணுவில் அடிமட்டத்தால் அடித்து, "வலக்கையால் எழுது, இல்லாவிட்டால் எழுதாதே" என்றார். நான் எழுதாமல் விட்டேன். அதனால் எனக்கு எழுத்துக் கொஞ்சம்தான். இதையும் இடக்கையால்தான் கூட்டிக் கூட்டி எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும், கதையில் பிழை இல்லை.

சரசுவின் மகள் யாழினிக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்துப் பலகாரச்சூடு வைப்போம். சொந்தக்காரப் பெண்கள் கூடி முதற் பலகாரத்தைச் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைத்த பிறகுதான் மற்றது எல்லாம். அதற்கு முதற் கை வைக்கிறவள் குடும்பத்தில் மூத்தவளாக, புருஷனோடு வாழ்கிறவளாக இருக்கவேண்டும். யாழினிக்கு நான் பெரியம்மா. என்னுடையவர் ஊரில் கோழிகளோடு சுகமாக இருக்கிறார். முறைப்படி முதற் கை என்னுடையது.

ஆனால் என் கை இடக்கை. ஊரில் எத்தனையோ கலியாண வீட்டுக்குப் பயறு அரைத்துக் கொடுத்தேன். என் மாவைப் போல மா இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. மா சபைக்குப் போகும், நான் பின்னுக்கு நிற்பேன். தொடங்கிவைக்க மட்டும் வேறு யாரையாவது கூப்பிடுவார்கள். இந்த முறை என் சொந்தப் பெறாமகள். மாவைக் கொண்டுவந்தால் மா மட்டும் சபைக்குப் போகும். கல்லைக் கொண்டுவந்தால் கல்லோடு நானும் போகவேண்டும். அதுதான் என் கணக்கு.

சரசுவின் வீடு வெம்பிளியில். ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கிற வீடுகள். காலையில் கதவைத் திறந்தால் குளிர் வந்து மூக்கைக் கிள்ளும். ஆனால் கடைத்தெருவில் முருங்கைக்காயும் பிலாக்காயும் மரவள்ளியும் அடுக்கிவைத்திருக்கிறார்கள். குசராத்திக் கடையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, இது முற்றவில்லை என்று சைகையால் சொன்னேன். கடைக்காரர் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். நல்ல காய் எந்தத் தேசத்திலும் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாம் நாளே சட்டனிலிருந்து மனோன்மணி வந்துவிட்டாள். செல்வத்தின் தமக்கை. லண்டனில் இந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எதுவும் அவள் சொல்லாமல் நடக்காது. நல்ல மனசுக்காரி, கையில் எப்போதும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். அன்று கணவாய்க் கறி. அப்படி ஒரு கறியைக் கொடுத்துவிட்டு ஒருத்தி சொல்கிறதை மறுக்க முடியாது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

"அக்கா, நீங்கள் குறை நினைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் தொடங்கிறன். பிறகு நீங்கள் ஆசைதீர அரையுங்கோ."

"ஏன் பிள்ளை, என்ரை கைக்கு என்ன?"

"உங்கடை கைக்கு ஒண்டும் இல்லை அக்கா. அது இருக்கிற பக்கம்தான்..."

சரசு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பாவம், இரண்டு பக்கமும் சொந்தம். நான் கோபிக்கவில்லை. கோபித்தால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும்.

"தாராளமாய்த் தொடங்கும். ஆனா என்ரை கல்லு வேறை கைக்கு மா தராது" என்றேன்.

"கல்லுக்கு என்னக்கா தெரியும்?" என்று சிரித்தாள் மனோன்மணி. "அதுவும் பாதிக் கல்லு!"

அடுத்த நாள் யாழினி வேலைக்கு லீவு போட்டு என்னை ஊர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். நிலத்துக்கு அடியில் ஓடுகிற ரயில். அதற்கு இறங்க ஓடுகிற படி. நான் படியில் காலை வைத்து, கைபிடியை இடக்கையால் பிடித்து, என் பாட்டில் இடப்பக்கம் நின்றேன். பின்னால் ஒருவர் இருமினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருமினார். எனக்குப் பின்னால் லண்டனே தேங்கி நின்றது.

"பெரியம்மா, ரைட் சைட்டிலை நில்லுங்கோ, ப்ளீஸ்! லெவ்ட் சைட் அவசரமாய்ப் போற ஆக்களுக்கு."

வலப்பக்கம் நிற்கிறவருக்கு, இடப்பக்கம் போகிறவருக்கு. அந்த நியாயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. மேலே வந்து தெருவைப் பார்த்தால், எங்கள் ஊரைப் போலவே கார், பஸ் எல்லாம் இடப்பக்கம்தான் ஓடுகிறது. அதை மட்டும் ஒருவரும் குற்றம் சொல்லவில்லை.

ஆற்றையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். கதவடியில் ஒரு அட்டை கிடந்தது. வீட்டில் ஆள் இல்லாதபடியால் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள் என்று யாழினி வாசித்துச் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றாமலே திரும்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் நோரா. என் வயதுதான் இருக்கும். அயர்லாந்திலிருந்து இளவயதில் வந்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தவளாம். கதவைத் திறந்தவுடன் அவள் சொன்னதை யாழினி சிரித்துச் சிரித்துத் தமிழில் சொன்னாள்.

"உங்கடை கல்லு என்ரை நடையிலை கிடக்கு. கொண்டுவந்த பெடியன் திட்டினான், நான் திட்டேல்லை."

பெட்டி ஓரம் வெடித்து, மேற்கல்லின் வாய் வெளியே தெரிந்தது. நான் குனிந்து தடவிப் பார்த்தேன். உடையவில்லை. இந்தக் கல் அப்படி இலேசில் உடையாது. சண்டைக் காலத்தில் இரண்டு கல்லையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுத்தான் நாங்கள் இடம்பெயர்ந்தோம். வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கல் இருந்தது.

நோரா எங்களை விடவில்லை. உள்ளே சுவரில் அவர்களுடைய சாமி படம், அதற்கு முன்னால் சின்னச் சிவப்பு விளக்கு. எனக்கு அந்நியமாக இருக்கவில்லை. சாயம் முற்றிய தேத்தண்ணீர் தந்தாள். எங்கள் தேத்தண்ணீர்தான், நாட்டைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறது. சோடாமா போட்டுச் சுட்ட ரொட்டியைத் தடிப்பாக வெட்டி வெண்ணெய் பூசினாள். எங்கள் ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ, அவர்களுக்குப் புளித்த மோர். நல்ல ரொட்டி. நான் இரண்டாம் துண்டும் எடுத்தேன்.

நான் இடக்கையால் எடுத்ததை அவள் பார்த்தாள். அதன்பின் கல்லைப் பார்த்தாள்.

"எங்கடை ஊரிலையும் உப்பிடிக் கல்லு இருந்தது. பழங்காலத்துக் கல்லு. வயலிலை உழேக்கை வரும். நீ எந்தப் பக்கம் சுத்துவாய்?"

நான் சுற்றிக் காட்டினேன். நோரா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்டினாள்.

"அப்ப நீ முல்லிங்கார்க்காரி!"

முல்லிங்கார் அவள் பிறந்த பட்டணம். அயர்லாந்தின் நடுவில், ஒரு சின்ன ஆற்றங்கரையில் இருக்கிறதாம். அந்தப் பெயருக்கு அவர்களுடைய பழைய பாஷையில் பிழையாய்ச் சுற்றும் ஆலை, இடமாய்ச் சுற்றும் ஆலை என்று அர்த்தமாம். அதன் கதையைக் கேட்டேன். கதை இல்லாமல் ஊர்ப்பெயர் வராது என்பது எனக்குத் தெரியும்.

முன்னொரு காலத்தில் அந்த ஆற்றில் தண்ணீரால் சுற்றுகிற மா ஆலை ஒன்று இருந்தது. ஒரு சாமியார், தன்னோடு இருந்த ஏழைகளின் கோதுமையை ஒரு சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வந்தார். அரசனுடைய ஆட்களும் வண்டி வண்டியாகத் தானியத்தோடு வந்தார்கள். ஆலைக்காரன் சாமியாரைத் தள்ளி இருக்கச் சொன்னான். அரசனுடையது முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றான். சாமியார் ஓரத்தில் குந்தினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கச் சக்கரம் நின்றுவிட்டது. அதன்பின் மெல்ல, எல்லாச் சக்கரமும் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. அரசனுடைய தானியம் தானியமாகவே கிடந்தது. சாமியாருடைய சாக்கு மட்டும் மாவாகி நிறைந்தது.

"இது என்ரை அப்பா சொன்ன கதை" என்றாள் நோரா. "பக்கத்து வீட்டுக்காரன் வேறை மாதிரிச் சொல்லுவான். அவன்ரை கதையிலை அரசனே வந்து காலிலை விழுவான். படிச்ச ஆக்கள், ஆறு அந்தப் பக்கமாய் ஓடினது, அதுதான் எண்டுவினம். ஆறு ஓடட்டும். பேர் நிண்டிட்டுது. ரயில் ஸ்டேசன் பலகையிலை இண்டைக்கும் எழுதி இருக்கு."

நான் சும்மா இருப்பேனா? எங்கள் மாவிட்டபுரத்துக் கதையைச் சொன்னேன். குதிரை முகத்தோடு பிறந்த ராசகுமாரி கீரிமலைத் தண்ணீரில் குளித்து முகம் மாறியதையும், மா என்றால் குதிரையும்தான், அந்தக் குதிரைமுகம் விட்டுப்போன ஊர் மாவிட்டபுரம் ஆனதையும் யாழினி இங்கிலீசில் சொன்னாள். அவளே அன்றுதான் முதலில் கேட்கிறாள்.

"குதிரை முகமோ?" என்றாள் நோரா. "எங்கடை பக்கத்திலை நிறையப் பேர் இருக்கினம். அந்தத் தண்ணியிலை ஒரு போத்தில் அனுப்பிவிடு."

சிரித்து முடிந்ததும் நோரா தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவனும் இடக்கை. பள்ளிக்கூடத்தில் அவன் இடக்கையைக் கதிரையோடு கட்டிவைத்து எழுதச் சொன்னார்களாம். அவர்கள் ஊரிலும் வலமாகச் சுற்றினால்தான் நல்லது, இடமாகச் சுற்றினால் ஆகாது என்பார்களாம். அவளுடைய அப்பா தோட்டத்துச் சேற்றுக் காலோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வாசலில் நின்று சொன்னாராம்: "முதலிலை போய் இந்த ஊரின்ரை பேரை மாத்துங்கோ. பிறகு வந்து என்ரை பிள்ளையின்ரை கையை மாத்துங்கோ."

என் அப்பாவும் நல்ல மனிசன்தான். ஆனால் எங்கள் ஊருக்கு அப்படி ஒரு பெயர் இல்லையே.

"ஞாயிற்றுக்கிழமை வா" என்று நோராவைக் கூப்பிட்டேன். என்ன, ஏது என்று யாழினி அவளுக்கு விளக்கினாள், மனோன்மணி விஷயமும் உட்பட.

ஞாயிறு காலை வீடு நிறைந்துவிட்டது. பின்வளவில் தகரக் கொட்டில் போட்டு அதற்குள் காஸ் அடுப்பு. வீட்டுக்குள் எண்ணெய் காய்ச்சினால் கூரையில் இருக்கிற புகைமணி கத்துமாம். முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து, என் இரண்டு கல்லையும் மேலும் கீழுமாகப் பொருத்தி வைத்தேன். வறுத்த பயறு சுளகில் இருந்தது. அந்த வாசம் வெம்பிளித் தெருவுக்கே போயிருக்கும். மஞ்சள் பிள்ளையார், குத்துவிளக்கு, வெற்றிலை. ஒரு மூலைக் கதிரையில் நோரா, கோவிலுக்கு உடுத்துகிற உடுப்போடு.

நல்ல நேரம் தொடங்கியதும் மனோன்மணி சேலையைச் செருகிக்கொண்டு இருந்தாள். பிள்ளையாரைக் கும்பிட்டாள். ஒரு கைப்பிடி பயறைக் கல்லின் வாயில் போட்டு, வலக்கையால் வலமாகச் சுற்றினாள்.

கல் சுற்றியது. மா வரவில்லை.

இன்னும் வேகமாகச் சுற்றினாள். உள்ளே கறகறவென்று சத்தம். கல்லின் ஓரத்தில் ஒரு தூள் இல்லை. சரசு வந்து கை கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மேற்கல்லைத் தூக்கிப் பார்த்தால் பயறு பாதி உடைந்து நடுமுளையைச் சுற்றிக் கட்டியாக நின்றது.

"என்னக்கா இது, கல்லைப் பழுதாக்கிப்போட்டினமோ பிளேனிலை?"

"இல்லைப் பிள்ளை. கொத்தைப் பாரும்."

மேற்கல்லை நிமிர்த்திக் காட்டினேன். திரிகைக்குள் சரிவு சரிவாகக் கோடு கொத்தியிருக்கும். சுற்றும்போது மாவை நடுவிலிருந்து வெளியே தள்ளுவது அந்தக் கோடுகள்தான். என் கல்லில் அவை எல்லாக் கல்லுக்கும் மறுபக்கமாகச் சரிந்திருந்தன. கலியாணம் முடித்த புதிதில் நான் அரைக்கப் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, என்னுடையவர் கல்லைக் கொண்டுபோய் எனக்கு ஏற்ற மாதிரிக் கொத்துவித்து வந்தார். இடமாய்ச் சுற்றினால்தான் மா. வலமாய்ச் சுற்றினால் மாவை உள்ளுக்கே இழுக்கும்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"வேறை கைக்குத் தராது எண்டு சொன்னனே. நீர்தானே கல்லுக்கு என்ன தெரியும் எண்டனீர்."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மூலையிலிருந்து நோரா எதையோ கேட்டாள். யாழினி சொன்னாள். நோரா கதிரையில் நிமிர்ந்து, "முல்லிங்கார்!" என்றாள், தேவாரத்துக்கு நடுவில் அரோகரா சொல்கிற மாதிரி.

"உந்த மனிசி என்ன சொல்லுறா?" என்று கேட்டாள் மனோன்மணி.

யாழினி ஆலைக் கதையைச் சொன்னாள், சாமியார், அரசன், சக்கரம், எல்லாம். கடைசியில், "மாமி, எனக்குப் பெரியம்மாதான் தொடங்கவேணும். ஐ வோண்ட் இட்" என்றாள். கலியாணப் பெண் வாய் திறந்து கேட்டுவிட்டாள்.

மனோன்மணி கல்லில் இருந்த கோடுகளை விரலால் தடவினாள். எல்லாருக்கும் முறை சொல்கிறவள் அல்லவா, தனக்கும் ஒரு முறை தேடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கண்டும் பிடித்தாள்.

"சிவனின்ரை இடப்பாகம் ஆர்?" என்று சபையைப் பார்த்துக் கேட்டாள். "அம்மன் அல்லோ! அப்ப பொம்பிளையளின்ரை காரியத்துக்கு இடம்தானே முறை. எழும்புறன். வாங்கோ அக்கா."

"உது உமக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்திருக்கலாம்" என்றேன்.

"வியாழக்கிழமை கல்லு பாதிதானே இருந்தது!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு வேலை இருந்தது. கட்டியைத் துடைத்தெடுத்து, கல்லைப் பொருத்தி, புதுப் பயறு போட்டேன். சபைக்கு நடுவில், எல்லாரும் பார்த்திருக்க, இடக்கையால் பிடித்து இடமாகச் சுற்றினேன். முதற் சுற்றுக்கே கல்லின் ஓரம் முழுக்க மஞ்சள் மா வட்டமாகக் கொட்டியது. நோரா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். மனோன்மணி மாவில் ஒரு துளி எடுத்து விரலுக்குள் தேய்த்துப் பார்த்தாள். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அன்று சுட்ட முதற் பயத்தம்பணியாரம் பிள்ளையாருக்கு. அதையும் நான்தான் எண்ணெயில் விட்டேன். நோரா ஐந்தாறு சாப்பிட்டுவிட்டு மடியிலும் கட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஊருக்கு எடுத்துக் கதைத்தேன்.

"இஞ்சரும், கல்லு சுகமே?" என்றார் என்னுடையவர். என்னைக் கேட்கவில்லை.

"சுகம். மா அரைச்சாச்சு."

"ஆர் தொடங்கினது?"

"நான்தான். இடக்கையாலை. சபையிலை வைச்சு."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிக்கிற சத்தம் கேட்டது.

"அண்டைக்கு உதைக் கொத்தினவன் முதலிலை மாட்டன் எண்டவன்" என்றார். "'உன்ரை மனிசியின்ரை கையை மாத்து, கொத்தை மாத்தேலாது' எண்டவன். நான் எழும்பேல்லை. பொழுதுபடுமட்டும் அவன்ரை வாசல்லை இருந்தன். பிறகு கொத்தினான்."

இத்தனை காலத்தில் எனக்குச் சொல்லாத சங்கதி. முல்லிங்காரில் ஒரு தகப்பன் பள்ளிக்கூட வாசலில் நின்றாராம். தெல்லிப்பழையில் என்னுடையவர் கல்லுக் கொத்துகிறவன் வாசலில் இருந்திருக்கிறார்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? கல்லு சுத்தினது தானே" என்றார். "சரி, கோழிக்குத் தீன் வைக்கவேணும், போறன்."

பிள்ளையாருக்கு வைத்ததற்கு அடுத்த பணியாரத்தை அவருக்கென்று ஒரு சின்ன டப்பாவில் போட்டு இறுக்கி மூடியிருக்கிறேன். திரும்பிப் போகும்போது கல் பெட்டியில் வரட்டும், தொலைந்தாலும் வந்து சேரும். டப்பா என் கைப்பையில் வரும்.